தட்டு நம் பொறுப்பு, வயிறு குழந்தையின் பொறுப்பு

குழந்தைகள் காப்பகத்தில் சாப்பாட்டு நேரத்தைக் கவனித்துக்கொள்வதுதான் என் வேலை. முதல் வாய் வாங்கும் ஆறு மாதக் குழந்தையிலிருந்து, சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப்போய் வைக்கும் ஐந்து வயதுப் பிள்ளை வரை எல்லோரும் என் கண் முன்னால்தான் சாப்பிடுகிறார்கள். மாலையில் அழைத்துப்போக வரும் பெற்றோர் பையை வாங்குவதற்கு முன்பே கேட்பது ஒன்றுதான்: “முழுசா சாப்பிட்டானா?” அந்தக் கேள்விக்குள் இருக்கும் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் என் மனதில் ஓடும் கேள்விகள் வேறு. இன்று என்ன வைத்தோம், எந்த நேரத்தில் வைத்தோம், சாப்பிடும்போது அவன் முகம் எப்படி இருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். என்ன உணவு, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் இந்தப் பங்கீட்டை முன்வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. படிக்கும்போது எளிதாகத் தெரியும். பசியோடு இருக்கிறதோ என்று நாம் பயப்படும் குழந்தை வாயை மூடிக்கொள்ளும்போதுதான் இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். அதனால் முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்வது நல்லது.

எப்போது தொடங்கலாம்

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், 6 மாதம் முடிந்ததும் இணை உணவு, அதோடு 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இது. அந்த முதல் ஆறு மாதத்தில் தண்ணீர்கூடத் தேவையில்லை. வெயில் காலத்திலும் பாலில் இருக்கும் தண்ணீரே போதும். ஃபார்முலா பால் குடிக்கும் குழந்தைக்கும் திட உணவுக்கான வயது ஏறக்குறைய இதேதான். 4 மாதம் முடியாத குழந்தைக்கு எந்தத் திட உணவும் கூடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதோடு சேர்த்துச் சில அறிகுறிகளையும் பார்க்க வேண்டும். கழுத்து நன்றாக நின்றிருக்க வேண்டும். கொஞ்சம் பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும். ஒரு பொருளைப் பார்த்து, கையை நீட்டி எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகத் தெரிந்திருக்க வேண்டும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். இரவில் அடிக்கடி எழுகிறது, கையைச் சப்புகிறது என்பதற்காகவெல்லாம் முன்கூட்டியே தொடங்க வேண்டியதில்லை. அவை பசியால் மட்டும் வருபவை இல்லை.

தொடங்கும்போது ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று ஸ்பூன் போதும். எட்டு மாதத்துக்குள் அது மெல்ல அரைக் கிண்ணம் வரை போகலாம். 250 மில்லி கிண்ணத்தில் பாதி. 6 முதல் 8 மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, 9 மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளை, தேவைப்பட்டால் இடையில் ஒன்றிரண்டு சிறு தீனி. 1 வயதுக்கு மேல் ஒரு வேளைக்கு முக்கால் கிண்ணத்திலிருந்து முழுக் கிண்ணம் வரை. இவை சமைப்பதற்கான அளவுகள். குழந்தை அவ்வளவையும் சாப்பிட்டே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அளவைவிடப் பக்குவத்தை நான் அதிகம் பார்ப்பேன். ஸ்பூனைச் சாய்த்தால் தண்ணீர் போல ஓடக் கூடாது. ஸ்பூனிலேயே நிற்க வேண்டும். காரணம் இருக்கிறது. குழந்தையின் வயிறு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும். 8 கிலோ குழந்தைக்கு ஒரு நேரத்தில் 240 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். நீர்த்த கஞ்சியால் அந்த இடத்தை நிரப்பிவிட்டால் வயிறு நிறையும், சத்து சேராது. எளிதாக இறங்க வேண்டும் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகாமல் தாய்ப்பாலிலோ ஃபார்முலா பாலிலோ கொஞ்சம் தளர்த்திப் பிசையுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயோ வெண்ணெயோ சேருங்கள். இரண்டு வயது வரை கொழுப்பைக் குறைக்கக் கூடாது. மூளை வேகமாக வளரும் காலம் அது.

முதலில் இரும்புச்சத்து

முதல் உணவு ஆப்பிளா கேரட்டா அரிசியா என்று வரிசை கேட்பவர்கள் நிறைய. அப்படி ஒரு கட்டாய வரிசை எதுவும் கிடையாது. ஆனால் ஒன்றுக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்தே ஆக வேண்டும். அது இரும்புச்சத்து.

வயிற்றில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து வாங்கிச் சேமித்து வைத்த இரும்புச்சத்தோடுதான் குழந்தை பிறக்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. இருப்பது நன்றாக உடலில் சேர்கிறது என்றாலும் அரையாண்டுக்குப் பிறகு அது மட்டும் போதாது. அமெரிக்கப் பரிந்துரைப்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 8 மில்லிகிராம் போதும். உட்காரவே பழகிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தைக்கு அப்பாவைவிட அதிகம் தேவை என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். காய்கறிக் கூழும் பழக் கூழும் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தத் தேவையின் பக்கத்தில்கூடப் போக முடியாது.

அதனால் தொடக்கத்திலேயே இறைச்சி, கோழி, மீன், ஈரல், முட்டை, பருப்பு, பயறு, இரும்புச்சத்து சேர்த்த தானிய மாவு இவற்றில் ஒன்றையாவது தினமும் கொடுங்கள். இறைச்சியை நன்றாக வேகவைத்து மைய அரைக்கலாம். மீனில் முள்ளை விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும். கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம், அவை வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவ வீடுகளில் பருப்பும் பயறும்தான் கைகொடுக்கும். ஆனால் தாவர உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் அதிகமாக எடுத்துக்கொள்ளும். பருப்புச் சாதம் கொடுத்துவிட்டு ஒரு துண்டு ஆரஞ்சோ கொய்யாவோ பப்பாளியோ கொடுப்பது இதற்காகத்தான். பருப்பில் தக்காளி சேர்த்து வேகவைத்தாலும் சரி. டீ நேர் எதிரானது, இரும்புச்சத்தைச் சேரவிடாது. குழந்தைக்கு அது எந்த அளவிலும் வேண்டாம். சைவ உணவு சாப்பிடும் அம்மா தன் உடலில் வைட்டமின் பி12 போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்குக் குறைந்தால் பால் குடிக்கும் குழந்தைக்கும் குறையும், அது நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கும்.

வைட்டமின் டி பற்றி ஒரு வரி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்தாகக் கொடுக்கப் பல நாடுகளில் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பிறந்த சில நாட்களிலேயே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பூன் எங்கே நிற்க வேண்டும்

ஊட்டுவதில் நான் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது ஸ்பூனை எங்கே நிறுத்துவது என்பதைத்தான். குழந்தையை நிமிர்த்தி, நம் முகம் தெரியும்படி எதிரில் உட்காரவைக்கிறோம். பாதி நிறைந்த சின்ன ஸ்பூன். அதை உதட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழந்தையின் கண்ணுக்கு நேராக நிறுத்துகிறோம். அங்கேயே காத்திருக்கிறோம். குழந்தை ஸ்பூனைப் பார்க்கும். பசி இருந்தால் உடம்பு முன்னால் சாயும், வாய் தானாகத் திறக்கும். அப்போது ஸ்பூன் கீழ் உதட்டின் மேல் படுகிறது, மேல் உதடு இறங்கி வந்து உணவை வழித்து எடுத்துக்கொள்கிறது. நாம் ஸ்பூனை மேலே தூக்கி அண்ணத்தில் துடைத்துவிடுவதில்லை. விழுங்கியதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.

முகத்தைத் திருப்பினால், உதட்டை இறுக்கினால், முதுகை வளைத்துப் பின்னால் போனால், ஸ்பூனைத் தட்டிவிட்டால் அது ‘போதும்’. முதல் தடவை என்றால் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் பேச்சுக் கொடுத்து மறுபடி ஒரு முறை காட்டிப் பார்க்கலாம். திரும்பவும் அப்படியே செய்தால் முடிந்தது, வாயைத் துடைத்துவிட வேண்டியதுதான். அழும்போது வாய் திறந்திருக்கிறதே என்று உள்ளே திணிப்பதும், மூக்கைப் பிடிப்பதும், இன்னொருவர் கையைப் பிடித்துக்கொள்ள ஊட்டுவதும் கூடவே கூடாது. புரை ஏறும் ஆபத்து ஒரு பக்கம். ஸ்பூனைப் பார்த்தாலே பயப்படும் குழந்தையை உருவாக்கிவிடுவது இன்னொரு பக்கம். அந்தப் பயத்தைப் போக்க மாதக்கணக்கில் ஆகும்.

போனில் வீடியோ காட்டி ஊட்டுவதும் எனக்கு இந்த வரிசையில்தான் வரும். திரையைப் பார்க்கும் குழந்தை வாயைத் திறக்கிறது, உண்மைதான். ஆனால் என்ன சாப்பிட்டோம் என்றோ வயிறு நிறைந்ததென்றோ அதற்குத் தெரிவதில்லை. குழந்தை எவ்வளவு என்று முடிவு செய்யும் உரிமையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும் வழி அது. சாப்பாட்டு நேரத்தில் குழந்தைக்கு மட்டுமின்றி எதிரில் இருக்கும் பெரியவருக்கும் போன் வேண்டாம்.

மசித்ததிலிருந்து துண்டுகளுக்கு

மிக்ஸியில் அரைத்த கூழிலேயே பல மாதம் நிற்பது நல்லதல்ல. 6 மாதத்தில் கெட்டியாக மசித்தது, 7–8 மாதத்தில் முள்கரண்டியால் நசுக்கிய, சிறு கட்டிகள் உள்ள உணவு, 9–10 மாதத்தில் பொடியாக நறுக்கியது, 1 வயதில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே உப்பும் காரமும் குறைத்து. இந்த வேகத்தில் போகலாம். கட்டி உள்ள உணவை 10 மாதத்துக்குப் பிறகும் பார்த்திராத குழந்தைகள் பின்னால் மென்று சாப்பிட அதிகம் சிரமப்படுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஈறுகள் போதுமான அளவு பலமானவை.

கையில் எடுத்துச் சாப்பிடுவதையும் சீக்கிரமே தொடங்கலாம். ஆறேழு மாதக் குழந்தை உள்ளங்கையால்தான் பிடிக்கும். அதனால் விரல் நீளத்துக்கு, முஷ்டிக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். வேகவைத்த கேரட், உருளைக்கிழங்கு, ஆம்லெட் பட்டை, பழுத்த வாழைப்பழம் எல்லாம் சரி. நம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் சோதனை. 9 மாதம் வாக்கில் இரண்டு விரலால் கிள்ளி எடுக்கப் பழகியதும் சிறு துண்டுகள் வைக்கலாம். தரை அழுக்காகும், தலைமுடியில்கூட உணவு ஒட்டும். கீழே ஒரு பழைய துணியை விரித்துவிட்டு அப்படியே விடுங்கள். கையால் தொட்டு நசுக்கிப் பார்த்த உணவை வாயில் வைக்கக் குழந்தை குறைவாகவே தயங்கும்.

ஓங்கரிப்பதற்கும் தொண்டையில் அடைத்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் வரும், நாக்கு முன்னால் வந்து உணவை வெளியே தள்ளும். அது குழந்தையின் பாதுகாப்பு ஏற்பாடு. பதறாமல் பக்கத்தில் இருங்கள், வாய்க்குள் விரலை விடாதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொண்டால் சத்தம் வராது. அழ முடியாது, இருமல் வராது, உதடு நீலமாகும். அங்கே ஒரு நொடியும் வீணாக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை உடம்பைவிடத் தாழ்வாக இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வரவில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். குழந்தை நினைவிழந்துவிட்டால் உடனே சிபிஆர் (மார்பை அழுத்தி, வாயால் மூச்சுக் கொடுக்கும் முதலுதவி) தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலால் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே தள்ளிவிடும். படித்துத் தெரிந்துகொள்வது போதாது. பொம்மையை வைத்துச் செய்து காட்டும் முதலுதவி வகுப்புக்கு ஒரு நாள் போய் வாருங்கள், தாத்தா பாட்டியையும் அழைத்துக்கொண்டு.

அடைக்கக் கூடியவற்றை முன்பே தவிர்ப்பது இன்னும் நல்லது. முழுக் கடலைகள், பாதாம், முந்திரி எல்லாம் 5 வயது வரை முழுதாக வேண்டாம். பொடியாக்கியோ விழுதாக்கியோ கொடுங்கள். திராட்சையையும் சின்னத் தக்காளியையும் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டிய வட்டத் துண்டு மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும். பச்சைக் கேரட், வேகவைக்காத ஆப்பிள் துண்டு, பாப்கார்ன், கெட்டி மிட்டாய், வட்டமாக வெட்டிய சாசேஜ் ஆகியவற்றையும் சின்னக் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம். ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ காரில் பின்சீட்டில் தனியாகவோ சாப்பிட விடாதீர்கள்.

வேர்க்கடலையையும் முட்டையையும் தள்ளிப்போட வேண்டாம்

ஒவ்வாமை வந்துவிடுமோ என்று முட்டையையும் வேர்க்கடலையையும் இரண்டு மூன்று வயது வரை தள்ளிப்போடச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இப்போது மருத்துவ அறிவுரை நேர்மாறாகிவிட்டது. 2015இல் ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக்கின் குழுவினர் லண்டனில் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம் உள்ள 640 குழந்தைகள் அதில் இருந்தார்கள். ஒரு வயது ஆவதற்கு முன்பிருந்தே தொடர்ந்து வேர்க்கடலை உணவு சாப்பிட்டவர்களுக்கு 5 வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்தது. தவிர்த்தவர்களோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

அதனால் 6 மாதம் வாக்கில் தொடங்கி, ஒவ்வொன்றாக, கொஞ்சமாக அறிமுகப்படுத்துங்கள். வழுவழுப்பான பீனட் பட்டரைக் கால் ஸ்பூன் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரிலோ கூழிலோ நன்றாகக் கரைத்துக் கொடுக்கலாம். அப்படியே கொடுத்தால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். முட்டை முழுதாக வெந்திருக்க வேண்டும். குழந்தை நன்றாக இருக்கும் நாளில், பகலில், அடுத்த இரண்டு மணி நேரம் கூடவே இருக்கக் கூடிய சமயத்தில் கொடுங்கள். ஒத்துக்கொண்டால் வாரம் ஒன்றிரண்டு முறை தொடர்ந்து கொடுக்க வேண்டும், ஒரு முறை கொடுத்து நிறுத்திவிட்டால் பயனில்லை. கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அரிப்பு நோய்) உள்ள குழந்தைக்கும் ஏற்கெனவே ஏதாவது ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். உதடு, கண் வீங்கினாலோ உடம்பெங்கும் தடிப்பு வந்தாலோ மூச்சு விடச் சிரமப்பட்டாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஒரு வயது வரை வேண்டாதவை

தேன் வேண்டவே வேண்டாம். நாக்கில் தொட்டுவைப்பதும் கூடாது. அதில் இருக்கக் கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசைகள் தளர்ந்துபோகும். வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. ஒரு வயதுக்குப் பிறகு குடல் அதைத் தாங்கிக்கொள்ளும்.

பசும்பாலைக் குடிக்கும் பாலாக ஒரு வயதுக்குள் கொடுக்கக் கூடாது. இரும்புச்சத்து அதில் மிகக் குறைவு. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் உண்டாகும். தயிராகவோ சமையலில் கொஞ்சமாகவோ 6 மாதத்துக்குப் பிறகு சேர்க்கலாம். பழச்சாறும் ஒரு வயது வரை வேண்டாம், அதற்குப் பிறகும் 3 வயது வரை ஒரு நாளைக்கு 120 மில்லிக்கு மேல் போகக் கூடாது. பழமாகவே கொடுத்தால் சாறே தேவைப்படாது. குழந்தைக்குத் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை; ஒரு வயது வரை எல்லா உணவிலும் சேர்த்து நாளைக்கு 1 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும், ஊறுகாயிலும் சிப்ஸிலும் ரெடிமேட் சூப்பிலும் உப்பு மிக அதிகம். சர்க்கரை, வெல்லம் சேர்த்தவை 2 வயது வரை வேண்டாம். இனிப்பைக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, பிறக்கும்போதே அது பிடிக்கும். கசப்பையும் புளிப்பையும்தான் பழக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வயதுக்குப் பிறகு வரும் பெரிய கவலை

“போன மாசம் வரைக்கும் நல்லா சாப்பிட்டுட்டிருந்தா, இப்போ எதையும் தொட மாட்டேங்கறா.” ஒன்றேகால் வயதுக் குழந்தைகளின் அம்மாக்கள் சொல்லிவைத்தாற்போல இதையே சொல்வார்கள். இதற்குப் பெரும்பாலும் மருந்து வேண்டாம், ஒரு கணக்குப் போதும். பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை ஒரு வயதில் சுமார் 9 கிலோ ஆகிறது, அதாவது மூன்று மடங்கு. இரண்டாவது வருடம் முழுக்க ஏறுவது ஏறக்குறைய இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது. அதே சமயம் நடக்க ஆரம்பித்துவிட்டதால் உட்காரவும் பிடிக்கவில்லை. குழந்தையின் எடை வளர்ச்சி அட்டையில் தன் கோட்டை ஒட்டிப் போகிறது, ஓடி ஆடுகிறது என்றால் விட்டுவிடலாம்.

இந்த இடத்தில்தான் பல வீடுகள் பாலில் போய் விழுகின்றன. சாப்பிடவில்லையே, ஒரு பாட்டில் பாலாவது குடிக்கட்டும் என்று கொடுப்பார்கள். பால் வயிற்றை நிரப்பும், அடுத்த வேளை பசி இருக்காது, மறுபடி பால். ஒரு வயதுக்கு மேல் பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போகும் குழந்தைகளுக்கு ரத்தசோகை வருவது மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது. பாட்டிலை ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் நிறுத்திவிட்டு டம்ளருக்கு மாற்றுங்கள். வாயில் பாட்டிலோடு தூங்கும் குழந்தையின் முன்பற்கள் சீக்கிரம் சொத்தையாகும்.

சாப்பாட்டு நேரங்களுக்கு நடுவில் இரண்டிலிருந்து மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். ஒரு பிஸ்கட், இரண்டு வாய் ஜூஸ், ஒரு சிப்ஸ் என்று நாள் முழுக்கக் கொறிக்கும் குழந்தைக்குப் பசி என்பதே தெரியாமல் போய்விடும். காப்பகத்தில் சாப்பிடும் குழந்தை வீட்டில் சாப்பிடுவதில்லை என்று ஆச்சரியப்படுகிறார்களே, அங்கே நடப்பதில் முக்கால்வாசி இதுதான். எங்களிடம் நேரம் இருக்கிறது, இடைவெளி இருக்கிறது, பக்கத்தில் சாப்பிடும் இன்னொரு குழந்தை இருக்கிறது.

பிடிக்காத காய்

இரண்டு வயது வாக்கில் புதிய உணவைக் கண்டு தயங்குவது இயல்பான வளர்ச்சிக் கட்டம். ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ளச் சில குழந்தைகளுக்கு 10, 15 முறை அதைப் பார்க்கவும் சுவைக்கவும் வேண்டியிருக்கும். வீட்டில் பெரும்பாலும் மூன்றாவது தடவையே “இது அவளுக்குப் பிடிக்காது” என்று முத்திரை குத்தி நிறுத்திவிடுகிறார்கள்.

எங்களிடம் ஒரு பெண் குழந்தை பீன்ஸைத் தட்டில் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுவாள். அவளுக்குப் பிடித்த சோறும் முட்டையும் வழக்கம்போல வைத்து, ஓரத்தில் ஒரே ஒரு பீன்ஸ் துண்டு வைத்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. சில நாள் அது தரைக்குப் போனது. பிறகு தட்டின் விளிம்பில் இருக்க விட்டாள். ஒரு நாள் விரலால் உருட்டினாள், இன்னொரு நாள் பக்கத்தில் இருந்தவனின் தட்டில் போட்டாள். அப்புறம் நக்கிப் பார்த்துத் துப்பினாள். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் துப்புவதும் சுவைப்பதுதான். கடைசியில் கடித்து மென்று விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல முட்டைக்குப் போய்விட்டாள். நாங்களும் கைதட்டவில்லை. கைதட்டினால் அடுத்த முறை எங்களுக்காகச் சாப்பிடுவாள், அல்லது எங்களுக்காகவே மறுப்பாள்.

“காயைச் சாப்பிட்டால் சாக்லேட்” என்ற பேரம் வேண்டாம். குழந்தை அதிலிருந்து கற்றுக்கொள்வது காய் கஷ்டமானது, சாக்லேட் பரிசு என்பதைத்தான். ஆய்வுகளிலும் இதுவே தெரிந்திருக்கிறது: கட்டாயப்படுத்திய உணவின் மேல் விருப்பம் குறைகிறது, பரிசாகக் கொடுத்ததன் மேல் கூடுகிறது. மறுத்தவுடன் வேறொன்று சமைத்துக் கொடுப்பதும் வேண்டாம். ஒவ்வொரு வேளையிலும் அவர்கள் கட்டாயம் சாப்பிடும் ஒரு பொருளாவது தட்டில் இருக்கட்டும். அதை மட்டும் சாப்பிட்டு எழுந்தாலும் பரவாயில்லை, அடுத்த வேளை வரத்தான் போகிறது. சேர்ந்து உட்கார்ந்து நீங்களும் அதே காயைச் சாப்பிடுங்கள். நம் தட்டில் இல்லாததைக் குழந்தையின் தட்டில் மட்டும் வைத்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

குழந்தை பாட்டுக்கு விட்டால் சத்து எப்படிச் சமமாகும் என்று கேட்பவர்களுக்கு நான் கிளாரா டேவிஸைப் பற்றிச் சொல்வேன். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இந்த மருத்துவர், பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகளைத் தாங்களே உணவைத் தேர்ந்தெடுக்கவிட்டுப் பார்த்தார். முப்பதுக்கும் மேற்பட்ட எளிய உணவுகள் முறை வைத்து வைக்கப்பட்டன. குழந்தை கை நீட்டினால் மட்டுமே செவிலியர் எடுத்துக் கொடுப்பார், பேச்சு கிடையாது. 1939இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 15 குழந்தைகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி, சில வேளைகளில் விசித்திரமாகவே சாப்பிட்டார்கள். ஆனால் எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். அந்தப் பட்டியலில் சர்க்கரையோ இனிப்புப் பண்டமோ கிடையாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எதைத் தேர்ந்தாலும் நல்லதாக இருக்கும்படி வைத்தது பெரியவர்கள். எவ்வளவு என்று தேர்ந்தது குழந்தைகள். அவர்கள் சாப்பிட்டதை ஒரு வேளையை வைத்து எடை போடாமல் ஒரு வாரத்தை வைத்துப் பாருங்கள்.

உடம்பு சரியில்லாதபோது, மருத்துவரிடம் போக வேண்டியபோது

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இருக்கும்போது பசி குறையும். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், மென்மையான, பிடித்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை காட்டுங்கள், நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குணமான பிறகு பசி திரும்பும். அப்போது ஒரு வாரம், இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த எடை வந்துவிடும். சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், மறுபடி சூடுபண்ணினால் ஆவி பறக்கச் சூடாக்கி ஆறவைத்துக் கொடுங்கள், குழந்தை எச்சில் பட்ட மிச்சத்தை எடுத்துவைக்காதீர்கள்.

எடை குறைந்தாலோ வளர்ச்சிக் கோட்டிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனாலோ, ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் இருமினாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, ஒரு வயது தாண்டியும் கட்டி உள்ள எதையும் விழுங்க முடியாமல் ஓங்கரித்தாலோ, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து நான்கைந்தில் வந்து நின்றாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முகம் வெளிறி, சோர்ந்தே இருந்தால், மண்ணையும் சுவரையும் தின்றால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். போவதற்கு முன் மூன்று நாள் சாப்பாட்டை நேரத்தோடு ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். பால் எத்தனை மில்லி, எத்தனை பிஸ்கட், தாத்தா வாங்கிக் கொடுத்தது என்ன என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்; தட்டில் வைத்ததை மட்டும் எழுதிவிட்டு இவற்றை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.